குமிழிச் சிறுவனின் 124 நாட்கள்: வடிகட்டிய டி செல்லும் வடிகட்டாத வைரஸும்

1983 அக்டோபர் 21. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், டேவிட் வெட்டர் என்ற பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அவன் அக்கா கேத்தரினின் எலும்பு மஜ்ஜை ஏற்றப்பட்டது. அறுவை மேஜை, கத்தி எதுவும் இல்லை. ரத்தம் ஏற்றுவதுபோல நரம்பு வழியாகத்தான். 1984 பிப்ரவரி 22 அன்று, சரியாக 124ஆம் நாள், அவன் இறந்துபோனான். அவன் உயிரைக் குடித்தது அக்காவின் மஜ்ஜையோடு வந்த ஒரு வைரஸ். உலகத்தில் பெரியவர்கள் நூறு பேரை எடுத்தால் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பில் சுமந்துகொண்டு திரிகிற, பெரும்பாலும் யாரையும் ஒன்றும் செய்யாத வைரஸ்.

மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு வரும் சிக்கல்களுக்கு இன்று தரப்படும் 'குறிபார்த்த' நோயெதிர்ப்புச் சிகிச்சைகளைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. அந்தச் சிகிச்சைகளில் ஒன்று பின்னாளில் அதே ஹூஸ்டனில்தான் வளர்ந்தது.

நோயாளி

டேவிட் பிறக்கும் முன்பே அவனுக்கு என்ன வரக்கூடும் என்று மருத்துவர்களுக்குத் தெரியும். அவனுக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஏழு மாதத்திலேயே இறந்திருந்தான். நோயின் பெயர் கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு. இந்தக் குடும்பத்தில் இருந்தது எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் வகை. தாய் சுமப்பார், அவருக்கு ஒன்றும் ஆகாது. பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் வர இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு. இதற்குக் காரணமான ஐஎல்2ஆர்ஜி என்ற ஜீன் 1993இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதில் பழுது இருந்தால், தொற்றுள்ள செல்களைத் தேடி அழிக்கும் வெள்ளணுக்களான டி செல்கள் உருவாகாது. ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் பி செல்கள் எண்ணிக்கையில் இருக்கும், ஆனால் டி செல் உதவியில்லாமல் உருப்படியான வேலை செய்யாது. பி செல் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

1971 செப்டம்பர் 21இல் சிசேரியனில் பிறந்த சில நொடிகளில் அவனைக் கிருமியில்லாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்தார்கள். அக்காவின் மஜ்ஜை பொருந்தும், சீக்கிரம் மாற்றிவிடலாம் என்பது கணக்கு. பொருந்தவில்லை. தற்காலிகம் என்று நினைத்த கூடு அவனுக்குப் பன்னிரண்டு வருஷ வீடாயிற்று.

அந்தக் கூட்டுக்குள் ஒரு துணி போக வேண்டுமென்றால் என்ன நடந்தது தெரியுமா? எத்திலீன் ஆக்சைடு வாயு நிரம்பிய அறையில் 60 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் வைப்பார்கள். பிறகு அந்த வாயு போவதற்காக ஒரு நாள் முதல் ஏழு நாள் வரை காற்றாட விடுவார்கள். அப்புறம்தான் உள்ளே. கூட்டை உப்ப வைத்திருந்த இயந்திரங்கள் விடாமல் இரைந்துகொண்டே இருக்கும், பேசினால் சரியாகக் காதில் விழாது. தொடுவதானால் சுவரில் பொருத்திய கறுப்பு ரப்பர் கையுறை வழியாகத்தான். 1977இல் நாசா பொறியாளர்கள் ஒரு சிறிய விண்வெளி உடை தைத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவன் ஏழு தடவை வெளியே நடந்தான், அதற்குள் வளர்ந்துவிட்டதால் உடை சேரவில்லை.

இங்கே நம் ஊருக்கான ஒரு இடைச்செருகல். இந்தியாவில் பிறந்தவுடன் போடும் பிசிஜி, உயிருள்ள கிருமி கொண்ட காசநோய்த் தடுப்பூசி. டி செல் இல்லாத குழந்தைக்கு அதுவே உடம்பெங்கும் பரவும் நோயாக முடியலாம். குடும்பத்தில், அதிலும் தாய்வழியில், ஆண் குழந்தைகள் கைக்குழந்தையாகவே தொற்றில் இறந்திருந்தால், பிசிஜி போடுவதற்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் காலத்து இக்கட்டு

சிறுநீரக மாற்றில் பயம் ஒன்றுதான்: உடம்பு புதிய உறுப்பை ஏற்காமல் தள்ளிவிடுமோ என்பது. மஜ்ஜை மாற்றில் பயம் எதிர்த்திசையிலும் உண்டு. மஜ்ஜையே நோயெதிர்ப்புச் செல்களின் கிடங்கு. கொடையாளியின் டி செல்கள் புதிய உடம்பைப் பார்த்து 'இது அந்நியம்' என்று முடிவுகட்டித் தோல், குடல், கல்லீரல் என்று தாக்கத் தொடங்கும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதை. மருத்துவத்தில் இதை ஜிவிஹெச்டி என்கிறார்கள். செல்களின் மேல் 'இவர் நம்மவர்' என்று காட்டும் எச்எல்ஏ என்ற புரதங்களின் பொருத்தம் குறையக் குறைய இது மூர்க்கமாகும்.

பொருத்தம் இல்லாத அக்காவிடமிருந்து மஜ்ஜை எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே வழி, டி செல்களை முதலில் வடிகட்டிவிடுவது. 1980களின் தொடக்கத்தில் இதற்கு இரண்டு உத்திகள் வந்தன. யாயிர் ரெய்ஸ்னர் என்ற இஸ்ரேலிய விஞ்ஞானி சோயா பீன்ஸிலிருந்து எடுத்த ஒரு புரதத்தைப் பயன்படுத்தினார். நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கின் ரிச்சர்ட் ஓ'ரைலியோடு சேர்ந்து, பாதியே பொருந்தும் பெற்றோரின் மஜ்ஜையை இதே நோயுள்ள குழந்தைகளுக்கு ஏற்றினார்கள். இன்னொரு உத்தி, டி செல்லின் மேல் மட்டும் ஒட்டும் மோனோகுளோனல் ஆன்டிபாடியால் அவற்றை அழிப்பது. டேவிட்டுக்குச் செய்தது இந்த இரண்டாவது.

இதை அவசர புத்தி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டி செல் நீக்கிய மஜ்ஜையால் அந்தக் காலத்தில் பல குழந்தைகள் பிழைத்தார்கள். கிடைத்த அறிவுக்கு அது சரியான முடிவு. டேவிட்டுக்கு ஜிவிஹெச்டி பிரச்சினையாகவே இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எதற்காகப் பயந்தார்களோ அதைத் தடுத்துவிட்டார்கள். யாரும் எதிர்பார்க்காதது வேறு பக்கத்திலிருந்து வந்தது.

மாற்றுக்குப் பின்

முதல் சில வாரங்கள் எல்லாம் நல்லபடியாகவே போயின. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக டேவிட் நோய்வாய்ப்பட்டான். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, குடலில் ரத்தக் கசிவு. கையுறை வழியாக வைத்தியம் பார்க்க முடியாத நிலை வந்ததும், 1984 பிப்ரவரி 7 அன்று கூட்டிலிருந்து வெளியே எடுத்தார்கள். அம்மா கையுறை இல்லாமல் மகனைத் தொட்டது அப்போதுதான். அதிலிருந்து பதினைந்தாம் நாள் அவன் போய்விட்டான்.

அவனுக்கு என்ன நோய் என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெளிவானது. உடம்புக்குள் பல இடங்களில் பி செல் கட்டிகள். கட்டிகளில் எப்ஸ்டீன்-பார் வைரஸ். 1985இல் அவனுடைய மருத்துவர் வில்லியம் ஷியரரும் குழுவினரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இந்த நிகழ்வை வெளியிட்டார்கள். அதில் மருத்துவர்களை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம், கட்டிகள் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவை அல்ல என்பது. புற்றுநோய் வழக்கமாகக் கெட்டுப்போன ஒரு செல்லின் வம்சம். இங்கே வெவ்வேறு செல்கள் தனித்தனியாகப் பெருகியிருந்தன. தடுக்க ஆளில்லாமல் போனால் இந்த வைரஸ் மனித உடம்பில் பி செல்களைக் கண்டபடி பெருக வைத்து லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும் என்பதற்கு இவ்வளவு நேரடியான சாட்சியம் அபூர்வம்.

இந்த வைரஸ் 1964இல் லண்டனில் மைக்கேல் எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் அச்சோங் ஆகியோரால் கண்டறியப்பட்டது. எச்சில் வழியே பரவும். சிறுவயதில் வந்தால் சாதாரணச் சளிக் காய்ச்சலாகப் போய்விடும், பலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் போகாது. பி செல்களுக்குள் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருக்கும். அது தலைதூக்கும்போதெல்லாம் அடக்குவது டி செல்கள். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் கணிசமான டி செல்கள் இந்த ஒரு வைரஸைக் காவல் காப்பதையே வேலையாக வைத்திருக்கின்றன.

கேத்தரின் ஆரோக்கியமான பெண். அவளுடைய மஜ்ஜையில் வைரஸும் இருந்தது, அதைக் காவல் காக்கும் டி செல்களும் இருந்தன. வடிகட்டியபோது காவலாளி வெளியே போனான், திருடன் உள்ளே தங்கிவிட்டான். களை பறிக்கப் போய்ப் பயிரையும் சேர்த்துப் பிடுங்கியதுபோல, உடம்பைத் தாக்கும் டி செல்லோடு வைரஸை அடக்கும் டி செல்லும் போயிற்று. போன இடமோ, வைரஸ் குடியேறப் பி செல் இருந்தும், தடுக்க ஒரு டி செல்கூட இல்லாத உடம்பு.

மஜ்ஜையை ஏற்றும் முன் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்திருக்கக் கூடாதா என்ற கேள்வி எழும். இன்று ரத்தத்தில் வைரஸின் டிஎன்ஏ எத்தனை பிரதி இருக்கிறது என்று பிசிஆர் சொல்லிவிடும். அந்த பிசிஆர், கேரி முல்லிஸ் மனதில் யோசனையாக முளைத்ததே 1983இல்தான்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தவர்கள்

டேவிட்டுக்கு வந்ததுபோன்ற நிலையை இன்று மாற்றுக்குப் பிந்தைய லிம்போ பெருக்க நோய் என்பார்கள். பொருத்தம் குறைந்த மஜ்ஜை, டி செல் நீக்கம், டி செல்லை ஒழிக்கும் மருந்துகள் ஆகியவை சேர்ந்தால் ஆபத்து கூடும். பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும்.

1994இல் வந்த திருப்பம் எனக்கு மிகவும் பிடித்தது. டி செல்லை வடிகட்டப் பத்து வருஷம் முன்பு வழிகாட்டிய அதே ஓ'ரைலியின் நியூயார்க் குழு, இந்த நோய் வந்த ஐந்து பேருக்குக் கொடையாளியின் வெள்ளணுக்களைக் கொஞ்சமாகத் திருப்பி ஏற்றிப் பார்த்தது. ஐந்து பேரிலும் கட்டி கரைந்தது. இரண்டு பேர் பிறகு சுவாசச் செயலிழப்பில் இறந்தார்கள். திருப்பிக் கொடுத்தது கலப்படச் சரக்கு என்பதுதான் குறை. அதில் வைரஸைத் தெரிந்த டி செல்லும் உண்டு, ஜிவிஹெச்டி கிளப்பும் டி செல்லும் உண்டு.

அடுத்த வருஷமே, மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையிலிருந்து கிளியோனா ரூனி, ஹெலன் ஹெஸ்லாப், மால்கம் பிரென்னர் ஆகியோர் லான்செட் மருத்துவ இதழில் அடுத்த படியை எழுதினார்கள். கொடையாளியின் ரத்தத்திலிருந்து எப்ஸ்டீன்-பார் வைரஸை மட்டும் தெரிந்த டி செல்களை ஆய்வகத்தில் வளர்த்து ஏற்றுவது. பத்து பேருக்குக் கொடுத்தார்கள். ஏற்றிய செல் உடம்பில் எங்கே போகிறது, எவ்வளவு நாள் இருக்கிறது என்று பின்தொடர, அதற்குள் பாக்டீரியாவின் ஒரு ஜீனை அடையாளமாகச் செருகியிருந்தார்கள். ஆட்டுக்குச் சாயம் பூசி மந்தையில் விடுவதுபோல. இந்த மூவரும் பின்னர் ஹூஸ்டனுக்கு, பேலர் மருத்துவக் கல்லூரிக்கும் டெக்சாஸ் குழந்தைகள் மருத்துவமனைக்கும் வந்து சேர்ந்தார்கள்.

2010இல் அவர்கள் வெளியிட்ட நீண்ட காலக் கணக்கு இது: மொத்தம் 114 பேர். நோய் வராமல் தடுக்க ஏற்றிக்கொண்ட 101 பேரில் ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை. ஏற்கெனவே நோய் வந்துவிட்ட 13 பேரில் 11 பேருக்கு முழுமையாக மறைந்தது. சாயம் பூசிய ஆடுகள் ஒன்பது வருஷம் கழித்தும் ரத்தத்தில் தென்பட்டன. மாத்திரை ஒரு நாளில் கழிந்துவிடும். இவை உயிருள்ள மருந்து, வைரஸ் கண்ணில் பட்டால் பெருகும், வேலை முடிந்தால் ஒடுங்கி இருக்கும்.

அந்தச் செல்லை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்?

எடுத்தார்கள் என்பதைவிடப் பயிற்றுவித்தார்கள் என்பதே சரி. பழைய முறையில் முதலில் கொடையாளியின் பி செல்லை வேண்டுமென்றே எப்ஸ்டீன்-பார் வைரஸால் தொற்றச் செய்வார்கள். டேவிட்டின் உடம்பில் நடந்தது இங்கே குடுவைக்குள் நடக்கும், பி செல்கள் சாகாமல் பெருகிக்கொண்டே போகும். அவற்றைக் கதிர்வீச்சால் பெருக முடியாதபடி ஆக்கி, அதே கொடையாளியின் டி செல்களுக்கு வாராவாரம் காட்டுவார்கள். வைரஸைத் தெரிந்த டி செல் ஒவ்வொரு தடவையும் உசுப்பேறிப் பெருகும். தெரியாதது வளராமல் சாகும். உடம்பைத் தாக்கக்கூடியவையும் அந்தத் தெரியாத கூட்டத்தில்தான், பசியால் அவை கழிந்துபோகும். முடிய இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும் என்பதுதான் கஷ்டம். கட்டி அவ்வளவு நாள் காத்திருக்காது.

இப்போது உயிருள்ள வைரஸே வேண்டாம். வைரஸ் புரதத்தின் சிறு துண்டுகளைக் கலந்து கொடுத்து, வளர்ச்சிக்கான புரதங்களைச் சேர்த்து, பத்து நாளைப்போல் முடித்துவிடுகிறார்கள். இன்னொரு வழியில், வைரஸ் துண்டைக் கண்டதும் இன்டர்பெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும் டி செல்லைக் காந்த மணிகளால் பிடித்து, ஏறக்குறைய ஒரே நாளில் தயாராக்கிவிடலாம்.

ஏற்றும் காட்சியைப் பார்த்தால் இத்தனை பாடுபட்டது இதற்கா என்று தோன்றும். திரவ நைட்ரஜனில் உறைந்திருந்த ஒரு சின்னக் குப்பி. அதை 37 டிகிரி வெந்நீரில் உருக்குகிறார்கள். சில மில்லிலிட்டர் கலங்கிய நீர், ஊசிக்குழாயில் எடுத்து நரம்பில் விட்டால் சில நிமிடத்தில் முடிந்தது. உறைய வைக்கச் சேர்த்த டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானால் நோயாளியின் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். அறைக்குள் நுழைந்தாலே தெரியும்.

சறுக்கிய இடங்கள்

இந்தச் சிகிச்சையை மந்திரக்கோல்போல எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. 2001இல் ஹூஸ்டன் குழுவே ஒரு தோல்வியை விவரமாக எழுதியது. செல்களை ஏற்றியும் நோயாளி பிழைக்கவில்லை. தேடிப் பார்த்தபோது, டி செல்கள் எந்தப் புரதத்தை அடையாளமாகப் பிடிக்கப் பழகியிருந்தனவோ, அதற்கான ஜீனில் ஒரு துண்டை அந்தக் கட்டியில் இருந்த வைரஸ் இழந்திருந்தது. காவலாளியிடம் இருந்தது பழைய போட்டோ, திருடன் மீசையை எடுத்துவிட்டான்.

டி செல்கள் கட்டிக்குள் நுழைந்து சண்டை போடும்போது அந்த இடம் வீங்கும். தொண்டைப் பக்கம் பெரிய கட்டி இருந்தால் மூச்சே அடைபடலாம். அப்புறம் ஸ்டீராய்டு. ஜிவிஹெச்டி இருப்பவருக்கு அதிக அளவு ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்தால், ஏற்றிய டி செல்களையும் அது அமுக்கிவிடும். தேவை அதிகம் உள்ள நோயாளிக்கே சில சமயம் கொடுக்க முடியாமல் போவது இதனால்தான்.

இதற்கு நடுவில் 1997இல் சந்தைக்கு வந்த ரிட்டுக்ஸிமாப் பெரிய ஆறுதல். பி செல்லின் மேலுள்ள சிடி20 என்ற புரதத்தில் ஒட்டி அழிக்கும் ஆன்டிபாடி. வாரத்துக்கு ஒரு தடவை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போகும், யாரையும் வளர்க்கவோ காத்திருக்கவோ வேண்டாம், எங்கும் கிடைக்கும். இன்றும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். ஆனால் இது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் ரகம். வைரஸ் உள்ள பி செல், இல்லாத பி செல் என்று பார்க்காது. மாதக்கணக்கில் ஆன்டிபாடி உற்பத்தி படுத்துவிடும். வைரஸை அடக்கும் டி செல்லையும் இது தருவதில்லை.

கடைச்சரக்கு

ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் கொடையாளியிடமிருந்து வளர்ப்பது நடைமுறையில் முடியாத காரியம். எடின்பரோவில் டோரதி குரோஃபோர்டு, தன்சினா ஹக் குழுவினர் ஸ்காட்லாந்து ரத்ததானிகளின் டி செல்களை முன்கூட்டியே வளர்த்து உறைய வைத்து ஒரு வங்கி அமைத்தார்கள். 2007இல் வந்த அவர்களுடைய முடிவில், 33 பேரில் 17 பேருக்கு ஆறு மாதத்தில் பலன் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள். யாரோ ஒருவரின் செல் எப்படி வேலை செய்கிறது? டி செல் வைரஸ் துண்டை எச்எல்ஏ என்ற ஜன்னல் வழியாகத்தான் பார்க்கும். எல்லா ஜன்னலும் பொருந்த வேண்டாம். அந்தச் செல் பார்த்துப் பழகிய ஜன்னல் நோயாளியின் கட்டியிலும் இருந்தால் போதும்.

அந்த வழியில் நியூயார்க்கில் தொடங்கிய சரக்குதான் டாபெலெக்லூசெல். 2022 டிசம்பரில் ஐரோப்பாவில் எப்வாலோ என்ற பெயரில் அனுமதி பெற்றது. வேறொருவரின் டி செல்லால் முன்கூட்டியே செய்து வைக்கும் மருந்துக்கு உலகில் கிடைத்த முதல் அனுமதி அது. இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களில், முந்தைய சிகிச்சைக்குப் படியாத அல்லது திரும்பிவந்த நோய்க்கு. அதற்கான ஆய்வில் 43 பேரில் 22 பேருக்குப் பலன். ரிட்டுக்ஸிமாபுக்குப் பிறகும் அடங்காதவர்கள் என்பதை வைத்துப் பார்த்தால் பாதி என்பது சின்ன எண் அல்ல. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ. என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது, தயாரிப்பு ஆலையின் ஆய்வில் எழுந்த பிரச்சினைகளைக் காட்டி. உயிருள்ள செல்லை மருந்தாக விற்பதில் விஞ்ஞானத்துக்குச் சமமாக ஆலையும் தலைவலி.

ஹூஸ்டனின் பேலரில் உருவான, ஒரே குப்பியில் பல வைரஸ்களைக் குறிவைக்கும் போசோலூசெல் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. சிறிய ஆய்வுகளில் பிரமாதமாகத் தெரிந்தது. மூன்றாம் கட்டத்தில் பலன் தெரிய வாய்ப்பில்லை என்று கண்டு 2023 டிசம்பரில் அந்த ஆய்வுகளை நிறுத்திவிட்டார்கள்.

டேவிட் இன்று பிறந்திருந்தால்

பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்துளியில் டி செல் உற்பத்தியின் தடயத்தை எண்ணும் சோதனை, 2018 முடிவதற்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. மூன்றரை மாதத்துக்குள் மஜ்ஜை மாற்று நடந்த குழந்தைகளில் 94 சதவீதம் பேர் ஐந்து வருஷம் தாண்டி உயிரோடு இருப்பதாக 2014இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்கத் தொகுப்பு காட்டியது. பிளாஸ்டிக் கூடு தேவைப்படாது.

பொருந்தாத அக்காவிடமிருந்துதான் எடுக்க வேண்டும் என்றாலும், மொத்த டி செல்லையும் தூக்கி எறியமாட்டார்கள். ஜிவிஹெச்டியை முக்கியமாகக் கிளப்பும் ஆல்ஃபா-பீட்டா வகையை மட்டும் நீக்குவது ஒரு வழி. எல்லாவற்றையும் விட்டுவைத்து, மாற்று முடிந்த மூன்றாம் நான்காம் நாளில் சைக்ளோபாஸ்ஃபமைடு கொடுத்து, அதற்குள் வெறியேறிப் பெருகத் தொடங்கியவற்றை மட்டும் ஒழிப்பது இன்னொன்று. வாராவாரம் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை பார்ப்பார்கள். காய்ச்சல் வருவதற்கு முன்பே எண் ஏறுவது தெரியும். ஏறினால் ரிட்டுக்ஸிமாப், படியவில்லை என்றால் அந்தச் சின்னக் குப்பி.

அந்தக் குப்பிக்கு ரத்தம் கொடுக்கப்போவது யார்? வங்கிக்குக் கொடுத்த யாரோ ஒருவராக இருக்கலாம், மஜ்ஜை கொடுத்த அதே ஆளாகவும் இருக்கலாம். 1983 அக்டோபரில் கேத்தரினின் மஜ்ஜையிலிருந்து கழித்துக் கட்டிய டி செல்களுக்குள் அந்தக் காவல் செல்கள் ஏற்கெனவே இருந்தன.